நினைவுநூலை இலக்கிய முகவருக்கு அனுப்பும் முன்

இலண்டனில் வாழும் நம்மவர்களில், தம் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று கேட்பவர்கள் பலர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்து இறங்கியவர்களுக்கு ஓய்வு வயது நெருங்கிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள்; இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கோ எழுத்துமொழி ஆங்கிலம்தான். இரு சாராரும் முதலில் கேட்பது, எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம் என்பதையே. என் நூலும் ஓர் இலக்கிய முகவரின், அதாவது எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசுபவரின், கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, எங்கள் வட்டாரத்தில் எழுதுவோர் சிலருடைய கடிதங்களை அவர்கள் அனுப்பும் முன் வாசித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

தமிழ்ப் பதிப்புலகில் எழுத்தாளர் பதிப்பாளரிடம் நேரே பேசுகிறார். சென்னையிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, இடையில் ஒருவர் நிற்பதில்லை. இங்கே நிலைமை வேறு. பெங்குயின் ராண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ், ஹாச்செட் போன்ற பெரிய பதிப்பகங்கள், இலக்கிய முகவர் வழியாக வராத பிரதிகளைப் பொதுவாக வாசிப்பதில்லை. சில சிறு பதிப்பகங்கள் ஆண்டின் குறிப்பிட்ட காலங்களில் எழுத்தாளரிடமிருந்து நேரடியாகப் பெறுகின்றன. அவற்றைக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை. ஆனால் பரவலான வாசகர்களையும் வெளிநாட்டு உரிமைகளையும் எதிர்பார்ப்பவர் முகவரிடம்தான் போக வேண்டும். இத்தொழில் இலண்டனிலேயே தோன்றியது. ஏ. பி. வாட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1870களில் எழுத்தாளர்கள் சார்பில் பதிப்பாளர்களிடம் பேரம் பேசத் தொடங்கினார். அவர் பெற்ற தரகு 10 விழுக்காடு. இன்று பிரித்தானிய விற்பனைக்குப் பெரும்பாலும் 15 விழுக்காடும், அமெரிக்க உரிமைக்கும் மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கும் 20 விழுக்காடும் வழக்கில் உள்ளன. நூல் விற்றால்தான் முகவருக்கு வருமானம். வாசிப்பதற்கென்றோ, பதிவு செய்வதற்கென்றோ முன்கூட்டியே பணம் கேட்பவரிடம் பிரதியைக் கொடுக்கவே கூடாது.

ஆங்கிலத்தில் மெம்வார் எனப்படும் நினைவுநூல் இந்த அமைப்புக்குள் ஓர் இடைப்பட்ட இடத்தில் இருக்கிறது. நாவலை முழுமையாக எழுதி முடித்த பிறகே முகவருக்கு அனுப்ப வேண்டும். வரலாறு, அறிவியல், அரசியல் பற்றிய நூல்களுக்கு நூலின் திட்டத்தை விளக்கும் முன்மொழிவு ஒன்றும் மாதிரி அதிகாரங்களும் போதும். நினைவுநூல் புனைவல்லாத எழுத்து என்பதால் முன்மொழிவே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். புகழ்பெற்ற ஒரு துடுப்பாட்ட வீரருக்கோ முன்னாள் அமைச்சருக்கோ அது போதும், ஏனென்றால் வாசகர் அவருடைய பெயருக்காகவே வாங்குவார். பெயர் அறியப்படாத ஒருவரின் வாழ்க்கையைக் கதையாகச் சொல்லும் நூலில் விலைபோவது சொல்லும் முறை மட்டுமே. சொல்லும் முறை கடைசிப் பக்கம் வரை தாங்குமா என்பதை முழுப் பிரதியைப் பார்க்காமல் யாராலும் கூற இயலாது. ஆகவே, குறிப்பிட்ட முகவர் முன்மொழிவு மட்டும் போதும் என்று தம் பக்கத்தில் எழுதியிருந்தாலும், முதல் நூல் எழுதுபவர் பிரதியை முடித்து, திருத்தி, 70,000 முதல் 90,000 சொற்களுக்குள் கொண்டுவந்த பிறகே முதல் மின்னஞ்சலை அனுப்புவது நல்லது என்பதே என் உறுதியான கருத்து. ஒரு முகவர் முதல் மூன்று அதிகாரங்களை விரும்பி மிகுதியைக் கேட்கும்போது, மிகுதி இல்லை என்று பதில் எழுத நேர்ந்தால், அதே ஆர்வத்தோடு அவர் பல மாதங்கள் காத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கு முகவர்கள் பெரும்பாலும் கேட்பவை மூன்று: ஒரு பக்க அறிமுகக் கடிதம், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், நூலின் தொடக்கம். தொடக்கம் என்பது முதல் மூன்று அதிகாரங்கள் அல்லது 10,000 சொற்கள் என்று இருக்கும். சிலர் ஐம்பது பக்கங்கள் என்பர். இவற்றுள் நம்மவர்கள் மிகவும் தடுமாறுவது கடிதத்தில்தான். அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பொதுவாகக் கிடைக்கும் எழுத்துக் கையேடுகளில் இதை நான் கண்டதில்லை.

அகதியாக வந்த ஒருவர் தம் வாழ்க்கையை ஆங்கிலத்தில் முதன்முதலாகச் சொன்ன இடம் பெரும்பாலும் உள்துறை அமைச்சுக்கான வாக்குமூலம். வழக்கறிஞரின் அறையில், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, பிறந்த ஆண்டிலிருந்து தொடங்கி, நடந்தவற்றைத் திகதி வாரியாக அடுக்கி, ஒவ்வொரு கைதையும் ஒவ்வொரு இடப்பெயர்வையும் இலக்கமிட்ட பத்திகளில் பதிந்து, திரும்பிச் சென்றால் உயிருக்கு ஆபத்து என்று முடிக்கும் ஓர் எழுத்து அது. அந்த எழுத்துக்கு ஒரு கடமை இருந்தது. துன்பம் நிகழ்ந்தது என்பதையும், அது போதுமான அளவு கொடியது என்பதையும் நம்ப விரும்பாத ஓர் அதிகாரிக்கு நிறுவுவதே அந்தக் கடமை. பலருடைய உயிரைக் காத்த வடிவம் அது. எவ்வித மரியாதைக் குறைவும் இன்றித்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் அந்த வடிவம் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிடுகிறது. இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே மனிதர் இலக்கிய முகவருக்குக் கடிதம் எழுத உட்காரும்போது, தம்மை அறியாமலே மறுபடியும் வாக்குமூலம் எழுதத் தொடங்குகிறார். இங்கு பிறந்த பிள்ளைகள் பெற்றோரின் கதையை எழுதும்போதும் இது நிகழ்வதைப் பார்த்திருக்கிறேன், ஏனெனில் வீட்டில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆவணம் அந்தக் கோப்புத்தான்.

எனக்குத் தெரிந்த அண்ணா ஒருவரின் கடிதத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவருடைய அனுமதியோடு, அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றி, தமிழில் தருகிறேன். அவர் முதலில் எழுதிய நடுப்பத்தி இவ்வாறு இருந்தது:

“நான் 1968ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாவட்டத்தில் பிறந்தேன். 1987இல் இந்திய இராணுவம் வந்தபோது எங்கள் வீடு சேதமடைந்தது. 1990இல் என் அண்ணன் கைது செய்யப்பட்டார். 1992இல் நான் நாட்டை விட்டு வெளியேறி, பல நாடுகளின் வழியாக இலண்டனை அடைந்தேன். இங்கு பல இன்னல்களைச் சந்தித்து, கடின உழைப்பால் முன்னேறினேன். போரின் கொடுமையையும் மனித உறுதியையும் என் நூல் எடுத்துக்காட்டுகிறது.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் இதை வாசிக்கும் முகவருக்கு இந்த மனிதர் யார் என்று தெரியாது. அவர் எதை விரும்பினார், எதற்கு அஞ்சினார், நூல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவையும் தெரியாது. இதே பத்தியை ஆயிரக்கணக்கானோர் தம் பெயரில் எழுதலாம். வாக்குமூலத்தில் அது பலம், நூலில் அதுவே பலவீனம். நாங்கள் இருவரும் அவருடைய பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு பேசினோம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்த காலத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, “அந்த நேரம் வீட்டுக்கு என்னவெண்டு சொன்னீங்கள் அண்ணா?” என்று கேட்டேன். “படிக்கிறன் எண்டுதான் சொன்னனான்,” என்றார். அந்தச் செய்தி பதினோராம் அதிகாரத்தில் இரண்டே பக்கங்களில் கிடந்தது. கடைசியாக அவர் அனுப்பிய பத்தி இது:

“1993 முதல், வாரத்துக்கு ஆறு இரவுகள் நான் கிழக்கு இலண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தின் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். வவுனியாவிலிருந்த என் அம்மா, நான் கணக்கியல் படிப்பதாக நம்பினார். தொலைபேசி அட்டையில் நிமிடங்கள் தீரும்வரை, நான் எழுதாத தேர்வுகளைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அனுப்பிய பணம் உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது என்றேன். 2002இல் போர்நிறுத்தம் வந்தது. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. அம்மா இலண்டனுக்கு விசா எடுத்தார். பட்டமளிப்புப் படத்தைத் தம் கையால் வீட்டில் மாட்ட வேண்டும் என்றார். அவர் வந்து இறங்குவதற்கு முந்தைய ஆறு வாரங்களில் என் நூல் நிகழ்கிறது.”

இந்தப் பத்தியில் போர் எங்கும் விளக்கப்படவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியின் அடியிலும் இருக்கிறது. ஒரு மகனுக்கும் தாய்க்கும் இடையில் ஒரு பொய் நிற்கிறது. அது வெளிப்படப் போகும் நாள் நெருங்குகிறது. பக்கத்தைப் புரட்ட வாசகருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அண்ணனின் கைதும் இந்திய இராணுவக் காலமும் நூலில் அப்படியே உள்ளன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இரவுகளின் நினைவாக அவை இப்போது வருகின்றன. இதற்காக அவர் கடிதத்தை மட்டுமல்ல, பிரதியின் வரிசையையே மாற்றி எழுத வேண்டியிருந்தது. கடிதம் எழுதும் வேலையின் பெரும்பயன் அதுதான் என்று நான் நம்புகிறேன்: நூலின் நடுத்தண்டு எதுவென்று முந்நூறு சொற்களுக்குள் சொல்ல முடியாவிட்டால், அது பிரதியிலும் இன்னும் உருவாகவில்லை என்று பொருள்.

இதையொட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பதிப்புலகம் நம்மிடம் காயத்தையே எதிர்பார்க்கிறது என்று சிலர் மனம் நொந்து கூறுகிறார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றது அல்ல. ஆனால் காயத்தை முன்னால் வைத்துக் கதவைத் தட்டும் கடிதத்தை நாமே எழுதும்போது, நம்மை அந்த இடத்தில் நிறுத்துவதும் நாமே. சித்திரவதையை விவரிக்கும் பத்தியைக் கடிதத்தில் வைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரிவுசெய்யும் உரிமை அதிகாரியின் முன் நமக்கு இருக்கவில்லை. இங்கே இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடிதத்தின் மற்றப் பகுதிகள் எளியவை. முகவரைப் பெயர் சொல்லி விளிக்க வேண்டும். நூலின் தலைப்பு, சொற்களின் எண்ணிக்கை, அது நினைவுநூல் என்ற தகவல் ஆகியவை முதல் வரிகளிலேயே வர வேண்டும். அண்மைய நான்கைந்து ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு நூல்களைக் குறிப்பிட்டு, அவற்றை விரும்பியவர்கள் இதையும் வாங்குவர் என்று காட்ட வேண்டும். பல இலட்சம் பிரதிகள் விற்ற நூல்களோடு ஒப்பிட்டால் முகவர் அதைப் பொருட்படுத்த மாட்டார். உங்களைப் பற்றி இரண்டு மூன்று வரிகள் போதும். இதுவரை எங்கும் எழுதி வெளியாகவில்லை என்றால் அதற்காக வருந்தி எழுத வேண்டாம், அந்த வரியையே விட்டுவிடலாம். முடிந்தால், அனுப்புவதற்கு முந்தைய ஆண்டில் நூலின் ஓர் அதிகாரத்தைத் தனிக் கட்டுரையாக்கி ஓர் இதழில் வெளியிட முயலுங்கள். 1984இல் தொடங்கப்பட்ட வசாபிரி இதழ், ஆசிய, ஆபிரிக்க, கரீபிய வேர்கள் கொண்ட எழுத்துக்கு நெடுங்காலமாக இடமளித்து வருகிறது. அது நடத்தும் எழுத்துப் பரிசில் வாழ்க்கை எழுத்துக்கென்றே ஒரு பிரிவு உண்டு. இலண்டன் நூலகம் புதிய எழுத்தாளர்களுக்காகக் கட்டணமின்றி ஒரு திட்டம் நடத்துகிறது. இத்தகைய ஒரு வரி கடிதத்தில் இருந்தால், வேறு யாரோ ஏற்கெனவே இந்த எழுத்தை நம்பியிருக்கிறார்கள் என்பது முகவருக்குத் தெரியும்.

கதைச்சுருக்கத்தில் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கு மர்மம் காக்க இடமில்லை. நூல் காலத்தில் முன்னும் பின்னுமாக நகர்ந்தாலும், சுருக்கம் நூலின் வரிசையையே பின்பற்றட்டும். எங்கெங்கே காலம் மாறுகிறது என்று ஒரு சொல்லில் காட்டினால் போதும். நிகழ்காலத்தில், ஏறத்தாழ ஐந்நூறு சொற்களில், யார் என்ன செய்தார், அதனால் என்ன நேர்ந்தது என்று காரணத் தொடராக எழுத வேண்டும். “பிறகு”, “அடுத்து” என்று நகரும் சுருக்கத்தை விட “அதனால்”, “ஆனால்” என்று நகரும் சுருக்கம் எப்போதும் வலிமையானது. உறவினர் பெயர்களை எல்லாம் அடுக்க வேண்டாம். அம்மா, அண்ணன், நிலைய மேலாளர் என்று நான்கைந்து பேருக்கு மேல் போனால் வாசிப்பவர் தொலைந்துவிடுவார்.

முதல் பக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறப்பு, ஊரின் வருணனை, பாட்டன் பெயர் என்று தொடங்கும் வழக்கம் நம் தன்வரலாற்று மரபில் அழகாகவே இருக்கிறது. ஆனால் நினைவுநூல் முழு வாழ்க்கையையும் சொல்வதில்லை. அதில் ஒரு பகுதியை, ஒரு கேள்வியை முன்வைத்துச் சொல்கிறது. அந்தக் கேள்வி பிறக்கும் இடத்தில் முதல் பக்கம் தொடங்கட்டும்.

யாருக்கு அனுப்புவது? ரைட்டர்ஸ் அண்ட் ஆர்டிஸ்ட்ஸ் இயர்புக் என்ற கையேடு 1906 முதல் வெளிவருகிறது. பல உள்ளூர் நூலகங்களில் கிடைக்கும். அதைவிட நம்பகமான வழி, உங்களுக்குப் பிடித்த அண்மைய நினைவுநூல்களின் கடைசிப் பக்கங்களில் உள்ள நன்றியுரையைப் பார்ப்பது. எழுத்தாளர்கள் தம் முகவருக்கு அங்கேதான் நன்றி சொல்கிறார்கள். முகவர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு முகவரும் எதைத் தேடுகிறார் என்று எழுதியிருப்பார். நினைவுநூல் வேண்டாம் என்று எழுதியிருப்பவருக்கு, உங்கள் நூல் அவர் மனத்தை மாற்றிவிடும் என்று நம்பி அனுப்பாதீர்கள். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவதை இங்கு யாரும் தவறாக நினைப்பதில்லை, ஆனால் ஒரே நிறுவனத்தில் இருவருக்கு ஒரே சமயத்தில் அனுப்பக் கூடாது. ஆறு அல்லது எட்டுப் பேருக்கு முதலில் அனுப்பி, வரும் பதில்களைப் பார்த்துக் கடிதத்தைச் சீர்செய்து, பிறகு அடுத்த சிலருக்கு அனுப்புவதே அறிவுடைமை. எல்லாரிடமிருந்தும் பொதுவான மறுப்பே வந்தால் கடிதத்தையும் முதல் பக்கங்களையும் பாருங்கள். முழுப் பிரதியைக் கேட்ட பிறகு மறுப்பு வந்தால் சிக்கல் நூலின் நடுவில் இருக்கலாம். வசந்தகாலத்தில் இலண்டன் புத்தகக் கண்காட்சியும் ஒக்டோபரில் பிராங்க்பேர்ட் கண்காட்சியும் நடக்கும் வாரங்களில் முகவர்களுக்கு மூச்சுவிட நேரமிராது. அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

அமெரிக்க முகவர்களுக்கும் அனுப்பலாம். சொல்லும் மொழி ஒன்றே என்பதால் எல்லை தடையில்லை. அங்கே கடிதத்துக்கே முதலிடம். பலர் குவெரிமனேஜர் என்ற இணையப் படிவத்தின் வழியாகவே பெறுகிறார்கள். கடிதத்தோடு முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கங்களை மட்டும் கேட்பார்கள். மின்னஞ்சலில் பெறுபவர்கள் பக்கங்களைக் கடிதத்தின் கீழேயே ஒட்டச் சொல்வார்கள். இணைப்பைத் திறக்காமலே நீக்கிவிடுவோரும் உண்டு. பதில் வராவிட்டால் மறுப்பு என்று கொள்ளுங்கள் என முன்கூட்டியே அறிவித்துவிடும் வழக்கமும் அங்கே பரவலாக இருக்கிறது. நினைவுநூலுக்கு முழு முன்மொழிவையும் கேட்கும் முகவர்கள் அங்கே சற்று அதிகம். யார் வாங்குவர், எப்படி அவர்களைச் சென்றடைவீர்கள், ஒவ்வோர் அதிகாரத்திலும் என்ன நிகழ்கிறது என்பவற்றை அதில் எழுத வேண்டும்.

உண்மை பற்றிய பகுதிக்கு வருகிறேன். பதிப்பக ஒப்பந்தத்தில், எழுதியவை உண்மை என்றும் எவரையும் அவதூறு செய்யவில்லை என்றும் எழுத்தாளர் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திடுகிறார். 2006 ஜனவரியில் ஜேம்ஸ் ஃப்ரே என்ற அமெரிக்கரின் நினைவுநூலை ‘த ஸ்மோக்கிங் கன்’ இணையதளம் காவல்துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, அதில் புனைந்தவை இருப்பதை வெளிப்படுத்தியது. பதிப்பகம் வாசகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர உடன்பட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, எழுதியவை உண்மைதானா என்ற கேள்வியை முகவர்கள் தொடக்கத்திலேயே கேட்கிறார்கள். உரையாடல்களை நினைவிலிருந்து மீட்டு எழுதலாம். இரு மனிதர்களை ஒருவராக இணைத்திருந்தாலோ காலவரிசையை மாற்றியிருந்தாலோ அதை வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின்படி, ஒருவரின் நற்பெயருக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டிருந்தால் அல்லது ஏற்படக்கூடும் என்றால்தான் வழக்குத் தொடுக்க இயலும். சொன்னது உண்மை என்று நிறுவுவது முழுமையான எதிர்வாதம். இறந்தவரை அவதூறு செய்ததாக வழக்கு வராது. தனியுரிமை என்பது வேறு விடயம். பியானோக் கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் சிறுவயதில் தமக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைப் பற்றி எழுதிய நினைவுநூல் அவருடைய மகனுக்கு உளத்தீங்கு விளைவிக்கும் என்று கூறி இடைக்காலத் தடை பெறப்பட்டது. 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. தம் வாழ்வில் நேர்ந்ததை உலகுக்குச் சொல்லும் உரிமையை அந்தத் தீர்ப்பு வலுவாக ஆதரித்தது. நினைவுநூல் எழுதும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு கவலையும் உண்டு. அகதி விண்ணப்பத்தில் பதிந்த திகதிக்கும் நூலில் எழுதிய திகதிக்கும் வேறுபாடு இருந்தால், அல்லது பயணத்தில் உதவிய ஒருவரையோ ஊரில் இன்றும் வாழும் ஒருவரையோ நூல் அடையாளம் காட்டிவிடும் என்றால், பிரதியை யாருக்கும் அனுப்பும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், தொழில், உறவுமுறை மூன்றும் சேர்ந்தால் பெயரில்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மேலே சொன்ன அண்ணா, அம்மா வரும் அதிகாரங்களை எல்லாம் தமிழில் சொல்லி அவருக்கு வாசித்துக் காட்டினார். தம்மைப் பற்றிய எதையும் அம்மா மாற்றச் சொல்லவில்லை. பயணத்துக்குப் பணம் கொடுத்த உறவினர் யாரென்று தெரியக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக நின்றார். அந்த உறவினரை அண்ணா நூலில் வேறோர் ஊருக்கும் வேறொரு தொழிலுக்கும் மாற்றி, அப்படி மாற்றியதை முன்னுரையில் குறிப்பிட்டார்.

பதில்கள் வரச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகும். முழுப் பிரதியை ஒருவர் கேட்டால் அது நல்ல அறிகுறி, ஆனால் வாக்குறுதி அல்ல. சிலர், இன்னின்ன மாற்றங்களைச் செய்து மீண்டும் அனுப்புங்கள் என்று விரிவாக எழுதுவார்கள். அந்த மாற்றங்கள் நூலை நீங்கள் விரும்பும் திசையில் நகர்த்துமானால் மட்டும் செய்யுங்கள். இதற்கிடையில் நீங்கள் அணுகாத ஒருவர், தாம் புகழ்பெற்ற ஒரு முகவர் என்றும், உங்கள் கதையைப் படமாக்க ஒரு பெரிய நிறுவனம் துடிக்கிறது என்றும் மின்னஞ்சல் அனுப்பினால், அது ஏறத்தாழ நிச்சயமாக மோசடியே. உண்மையான முகவர்களின் பெயரையும் படத்தையும் திருடி இவ்வாறு பணம் பறிக்கும் கூட்டங்களை ரைட்டர் பிவேர் என்ற அமைப்பு 1998 முதல் தொடர்ந்து அம்பலப்படுத்தி வருகிறது. சந்தேகம் வந்தால் முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.

ஒரு முகவர் உங்களோடு பேச வேண்டும் என்று நேரம் குறித்தால், அந்த உரையாடலில் நீங்களும் கேள்வி கேட்பவர்தான். பிரதியில் அவர் செய்ய விரும்பும் திருத்தங்கள் யாவை, எந்தப் பதிப்பாசிரியர்களை மனத்தில் வைத்திருக்கிறார், இந்நூல் விற்காவிட்டால் அடுத்த நூலையும் எடுத்துக்கொள்வாரா, தெற்காசிய உரிமையைத் தனியாக விற்பாரா, தமிழ் மொழிபெயர்ப்பு உரிமையை யார் கையாள்வார் என்று தயங்காமல் கேளுங்கள். கடைசிக் கேள்வி நமக்கு முக்கியமானது. அந்த உரிமை பதிப்பகத்திடம் போய்விட்டால், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள ஒரு சிறு பதிப்பகம் அதைப் பெறுவது கடினமாகிவிடலாம். உடனே சம்மதம் சொல்லத் தேவையில்லை. பிரதியை வைத்திருக்கும் மற்ற முகவர்களுக்குச் செய்தியைத் தெரிவித்து, இரண்டு வாரம் போல அவகாசம் கேட்பது இங்கு முறையான வழக்கமே. ஒப்பந்தத்தில் தரகு விழுக்காடு, அதன்மேல் வரும் வற் எனும் பெறுமதி சேர் வரி, உறவை முடித்துக்கொள்ள இரு தரப்பும் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்புக் காலம், முடித்த பிறகும் ஏற்கெனவே விற்ற நூலின் வருமானம் எப்படிப் பிரியும் என்பவற்றை வரிக்கு வரி வாசியுங்கள். நூல் விற்றால் முன்பணம் ஒரேயடியாக வராது. கையெழுத்திடும்போது, பிரதியை ஒப்படைக்கும்போது, கெட்டி அட்டைப் பதிப்பு வரும்போது, மெல்லட்டைப் பதிப்பு வரும்போது என்று நான்கு தவணைகளாக வருவதே பெரும்பாலான வழக்கம். 1884இல் நிறுவப்பட்ட த சொசைட்டி ஒப் ஓதர்ஸ் என்ற எழுத்தாளர் சங்கம், முகவரோ பதிப்பகமோ ஒப்பந்தம் தர முன்வந்த நிலையிலேயே எழுத்தாளரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது. உறுப்பினர்களுக்காகச் சங்கத்தினரே ஒப்பந்தத்தை வாசித்து, மாற்றக் கேட்க வேண்டிய பிரிவுகளைக் குறித்துத் தருகிறார்கள். கையெழுத்திடும் முன் சந்தாவைக் கட்டிச் சேர்ந்து, ஒப்பந்தத்தை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.